உதவி: 12க்கு 18 அடி புறவாசல். மார்கழியில இருட்டு, வைகாசியில கருகல். என்னதான் வைக்க?

பாளையங்கோட்டைக்காரி:
வீட்டுச் சுவர்ல இருந்து காம்பவுண்டு வரை 12 அடி, நீளம் 18 அடி. நம்ம வீடு மாடியோட 20 அடி உயரம் இருக்கும். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரங்க மாடி எழுப்பிட்டாவ. கரிசல் மண்ணு. ஐப்பசி, கார்த்திகையில தண்ணி வடியாம சொதசொதன்னு கிடக்கும், தரையெல்லாம் பாசி. புல்லு பதிச்சோம், மார்கழிக்குள்ள திட்டுத்திட்டாச் செத்துப்போச்சு. நிழல்ல வளருறதா குடுங்கன்னு கேட்டு நர்சரியில பெரணி வாங்கி, வீட்டுச் சுவரை ஒட்டி சன்ஷேடுக்கு அடியிலதான் வச்சேன். அது சித்திரைக் கடைசியில வாட ஆரம்பிச்சு, வைகாசியில மொத்தமாக் கருகிட்டு. நிழல்னு நெனச்சா வெயிலு, வெயில்னு நெனச்சா நிழலு. அத்தை துணி காயப்போட அங்கதான் போவாவ, வழுக்கக்கூடாது. இருபதாயிரத்துக்குள்ள முடியணும்.

தச்சநல்லூர்_1:
செயற்கைப் புல்லு விரிச்சிட்டு வேலையப் பாருங்க. தண்ணியும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

கொத்தனார் மகன்:
தண்ணி நிக்கிற தரையில அதை விரிச்சா அடியில நாறும் அண்ணாச்சி. கத்திரி வெயில்ல வெறுங்கால் வைக்க முடியாது.

களக்காட்டான்:
புறவாசல் எந்தத் திசையில இருக்கு? அதைச் சொல்லாம யாரு என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பாளையங்கோட்டைக்காரி:
வடக்க. தெக்குப் பாத்த வாசல்.

களக்காட்டான்:
நெனச்சேன். உங்க நர்சரிக்காரரு மேல தப்பில்ல, பெரணி மேலயும் தப்பில்ல. நம்ம திருநெல்வேலி நிலநடுக்கோட்டுல இருந்து ஒன்பது பாகை கூட இல்ல. சித்திரை பிறக்கிறதை ஒட்டி ஒரு நாளு உச்சியில சூரியன் நேர் தலைக்கு மேல நிக்கும். அதுக்குப் பிறகு ஆவணி நடு வரைக்கும் மத்தியானத்துல அது நமக்கு வடக்க போயிரும். வடக்க இருந்து வார வெயிலுக்கு உங்க மாடி எப்படி மறைக்கும்? சன்ஷேடும் அப்படித்தான். ஏழடி உயரத்துல ரெண்டடி அகலம்னு வச்சுக்கோங்க, ஆனி மாசம் அதோட நிழல் சுவத்துப் பக்கமாச் சரிஞ்சிரும், கீழ இருக்க தொட்டி மேல வெயிலுதான்.

மார்கழியில நேர்மாறு. சூரியன் தெக்க சாஞ்சு கிடக்கும். 20 அடி வீட்டு நிழல் உச்சி நேரத்துலயே பன்னிரண்டரை அடி நீளும். உங்களுக்கு இருக்கதே 12 அடி. பிறகு புல்லு எங்க பிழைக்க? அருகம்புல் வகையெல்லாம் ஆறு மணி நேரமாவது வெயில் கேக்கும். புல்லை மறந்திருங்க.

நம்பலன்னா நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு டேப்பை வச்சு அளந்து பாருங்க. இப்ப தை முடியப்போகுது, எட்டு எட்டரை அடி வரணும்.

பாளையங்கோட்டைக்காரி:
அளந்தாச்சு அண்ணாச்சி. எட்டே கால். காம்பவுண்டு ஓரம் சுள்ளுன்னு வெயிலடிக்கு! இத்தனை வருசம் இங்க இருக்கேன், கவனிச்சதில்ல. அப்போ வருசம் பூரா நிழல்னு ஒரு இடமே கிடையாதா?

களக்காட்டான்:
கிடையாது. அதனால வருசம் பூரா நிக்கிற மாதிரி ஒரே செடியைத் தேடாதீங்க. வைகாசிக்குப் பிறகு வெயில், கார்த்திகைக்குப் பிறகு நிழல், இதுக்குத் தக்க வாழுறதைப் பாருங்க. பெரணி வேணும்னா தொட்டியிலயே இருக்கட்டும். வைகாசி பிறந்ததும் வடக்குக் காம்பவுண்டை ஒட்டித் தள்ளிருங்க. ஆறடிச் சுவர்னா ஆனியில ஒன்றரை அடி நிழல் கிடைக்கும். ஆவணி பாதியில திரும்ப வீட்டோரம்.

அம்பை ஆச்சி:
தம்பி சொன்னதைக் கேட்டதும் எனக்கு மஞ்சள்தான் தோணிச்சு தாயி. வைகாசியில ஊனினா ஆடி, ஆவணி வெயில்ல இலை தளதளன்னு வரும். மார்கழியில நிழல் மூடுற நேரம் அதுவே பழுத்துச் சாயும். பொங்கலுக்குப் பிடுங்கிரலாம். மூணு மணி நேர வெயிலுக்குக் கிழங்கு காட்டுல விளையுற மாதிரிப் பெருக்காது. ஆனா இலையில கொழுக்கட்டை அவிக்கதுக்கே அதை வைக்கலாம். தண்ணி நின்னா அழுகிரும், கரிசல்ல ஒரு அடி மேட்டுப்பாத்தி போட்டு, மண்ணோட மணலும் தொழுவுரமும் பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க.

தண்ணி வடிஞ்சு வந்து நிக்கிற மூலைக்குச் சேம்பு. அது ஈரத்துக்கு அஞ்சாது. பாத்தி விளிம்புல கனகாம்பரம், அரைநிழல்லயும் பூக்கும். வல்லாரை ஒரு கைப்பிடி வச்சா படந்துக்கிடும், சோப்புத் தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கோங்க. பக்கச் சுவத்துல வெத்தலை ஏத்துங்க. துளசி, பிச்சி, ரோசா இதெல்லாம் மாடிக்கு. ஆசைப்பட்டு கீழ வச்சு அதுகளைக் கஷ்டப்படுத்தாதீங்க.

கொத்தனார் மகன்:
செடி வாங்குறதுக்கு முன்னாடி தரையை முடிங்க மைனி. பாத்தியை வடக்குப் பக்கம் போடுங்க. வீட்டுச் சுவரை ஒட்டி ஈர மண்ணு இருந்தா உள்ள ஓதம் ஏறும். வீட்டோரம் ஆறடி அகலத்துக்குக் கல்லு பாவிரலாம், அத்தை நடமாட்டம் அதுக்குள்ளதான.

கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்குப் பிளக்கும். அது மேல நேரா பேவர் பிளாக் பதிச்சா ரெண்டு மழைக்குள்ள மேடும் பள்ளமுமா ஆயிரும். முக்கால் அடி கரிசலை எடுத்துட்டுச் சரள் கொட்டி, தண்ணி விட்டு இடிக்கணும். ஆறுக்குப் பதினெட்டு அடிக்கு ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, போதும். வீட்டுல இருந்து பாத்தியைப் பாத்து ரெண்டு இஞ்சு சரிவு, பாத்திக்கு முன்னால ஒரு சின்ன வாறுகால், அதைத் தெருவாறுகால்ல சேத்திருங்க. மேல கொத்துவேலை செஞ்ச கருங்கல் பலகை. கடப்பா வேண்டவே வேண்டாம், பாசி ஏறினா ஆளைத் தள்ளிரும். கார்த்திகையில பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சுக் கழுவுங்க, அந்தத் தண்ணி பாத்திக்குள்ள போகாம.

இந்த வேலையெல்லாம் பங்குனிக்குள்ள. சித்திரையில ஆளு கிடைக்காது, கிடைச்சாலும் உச்சி வெயில்ல நிக்க மாட்டாங்க.

பாளையங்கோட்டைக்காரி:
அத்தைக்கு இதெல்லாம் கேட்டு ஒரே சந்தோசம். ஆனா மஞ்சளும் சேம்பும் புதராச்சுன்னா பாம்பு வருமாங்காவ.

களக்காட்டான்:
காம்பவுண்டுக்கும் பாத்திக்கும் நடுவுல ஒரு அடி விட்டு வைங்க, பெரணித்தொட்டி அங்க போகும், பெருக்கவும் வசதி. பழுத்த இலையை அறுத்துருங்க. செங்காமட்டை, உடைஞ்ச தொட்டி எதையும் மூலையில குமிக்காதீங்க, பாம்பு தங்குறது அதுலதான்.

பாளையங்கோட்டைக்காரி:
கடைசியா ஒண்ணு ஆச்சி. பொங்கலுக்கு வாங்கின மஞ்சள் குலை அடுப்படியில இன்னும் கிடக்கு. அந்தக் கிழங்கையே ஊனலாமா, இல்ல பலசரக்குக் கடையில விரலி மஞ்சள் வாங்கவா?

அம்பை ஆச்சி:
கடை விரலி அவிச்சுக் காயவச்சது தாயி, முளைக்காது. குலைக்கிழங்கு போதும். முத்தினதா, அழுகல் இல்லாததாப் பாத்து எடுத்து, இலையை அறுத்துட்டு, நிழல்ல காஞ்ச மணல்ல புதைச்சு வைங்க. வைகாசிக்குள்ள கண்ணு விட்டிருக்கும்.