செப்டிக் டேங்க் மீட்பு: உடனே இறங்குவதா, மீட்டர் பார்த்துவிட்டு இறங்குவதா?

குடமுருட்டி:
ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்ட நாள். அன்றைக்குப் பார்த்து வெண்ணாறு தம்பி, செப்டிக் டேங்க் மீட்பில் வீரர்கள் "அவசரப்பட்டு இறங்கித்தான் சாகிறார்கள்" என்று எழுதுகிறார். காற்று இல்லாவிட்டால் மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். வாயு அளக்கும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பதா?

வெண்ணாறு:
அந்த நாலைந்து நிமிடத்தை வைத்தே கணக்குப் போடுங்கள் அண்ணே. ஆள் விழுந்து, ஊர் கூடி, 101-க்குப் போன் போய், மன்னார்குடியிலிருந்து வண்டி உள்கிராமத்துக்கு வரும்போது அது எப்போதோ தாண்டியிருக்கும்.

டிடெக்டரை, அதாவது அந்த மீட்டரை, கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று நிறுத்தி நிறுத்தி இறக்கணும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் வெறும் மூக்கோடு இறங்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வாக்கில் மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று மேலே நிற்கிறவர் சொல்வது அப்போதுதான். மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம். இந்த வாயுவை அது காட்டாது, மீத்தேன் இருந்தால் பற்ற வைத்துவிடும்.

அரசலாறு:
இரண்டு பேருமே பி.ஏ. செட் (முதுகுச் சிலிண்டரும் முகமூடியும் கொண்ட சுவாசக் கருவி) உள்ளே நுழையும் என்று வைத்துப் பேசுகிறீர்கள். நம் பக்கத்து டேங்க் வாய் பல வீடுகளில் இரண்டடிகூட இருக்காது. முதுகில் சிலிண்டரோடு தோள் இடிக்கும். உடனே செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், பாதி வழியில் முகமூடி விலகும். ஒரே மூச்சு போதும். கடப்பாரை எடுத்து மேல் சிலாப்பை உடைத்து வாயைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் சிலிண்டரை மேலே வைத்து நீளக் குழாயில் காற்று கொடுங்கள். இடுப்பில் கயிறு, அதைப் பிடிக்க மேலே தனியாக ஆள். சேற்றைக் கிளறக் கிளற வாயு கிளம்பும் என்பதால் ஆள் உள்ளே இருக்கும்வரை காற்றை உள்ளே ஊதும் புளோயரை நிறுத்தக் கூடாது.

குடமுருட்டி:
சிலாப்பை உடைக்கும்வரை உள்ளே விழுந்தவனின் அண்ணன் சும்மா நிற்பானா? வீரர் தயங்கினால் அவன் குதிப்பான், ஒன்று இரண்டாகும். எல்லாவற்றுக்கும் மீட்டரும் கிடையாது. 2020 தீபாவளியன்று மதுரை ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் போனார்களே, எந்த மீட்டர் காட்டியிருக்கும்?

வெண்ணாறு:
கட்டடத்துக்கும் கணக்கு உண்டு. 4500 லிட்டர் வண்டித் தண்ணீர் நாலரை டன். துணி மூட்டை அதைக் குடித்துக்கொண்டு தளத்திலேயே உட்காரும், அத்தனையும் தளத்துக்குப் பாரம். குதிக்க நிற்கிற அண்ணனைப் பிடித்து நிறுத்தப் போலீஸ் வேண்டும், அதற்காக வீரர் செட் இல்லாமல் இறங்க முடியாது. முனகல் கேட்டால் செட்டோடு உடனே இறங்கட்டும், டிடெக்டரும் இடுப்பிலேயே போகட்டும். செட் இல்லாமல் இறங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

குடமுருட்டி:
செட் வண்டியில் இருக்கும். காற்று இருக்குமா? 6 லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் 1800 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 50 போனால் 36 நிமிடம். அதுவே 180 பாரில் மாட்டிக்கொண்டு இறங்கினால் 20 நிமிடம்கூட, காற்று தீரப்போவதை எச்சரிக்கும் விசில் அடிக்காமல் ஓடாது. காலை டியூட்டி மாறும்போது சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து எழுதுகிற நிலையம் எத்தனை, அதைச் சொல்லுங்கள்.