தாது அரைக்கிற ரூமிலும் உலையிலும் வேலை: தூசி, பரிசோதனை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஹார்பர் லேப்
எண்ணூர், ராயபுரம் பக்கம் மாங்கனீஸ் மாதிரி தாது சாம்பிள் பார்க்கிற லேப்களில் எல்லோரும் ஆசிட் பாட்டிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அரவை ரூமுக்கு. கல்லை நொறுக்குகிற ஜா கிரஷரில் கிளம்புகிற தூசி கண்ணுக்குத் தெரியும், விலகி நிற்கலாம். அதை மாவாக்குகிற ரிங் மில் 75 மைக்ரானுக்கு அரைக்கும்போது ஒரு பங்கு 5 மைக்ரானுக்கும் கீழே போய்விடும். அது மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடிவரை இறங்கும். மில் நின்ற கையோடு மூடியைத் திறக்காதீர்கள். சில நிமிஷம் விட்டு, எக்ஸாஸ்ட் ஓடும்போது, அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் திறக்கணும்.

பலர் கோட்டை விடுகிற இடம் இன்னொன்று. அடுத்த சாம்பிளுக்கு முன்னால் குவார்ட்ஸ் மணல் போட்டு அரைத்துக் கிண்ணத்தைச் சுத்தம் செய்வார்கள். "மாங்கனீஸ் முடிஞ்சுது" என்று அப்போதுதான் மாஸ்க் கழலும். அந்த மணல் தூசி சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோயைக் கொடுக்கும். ஏர் ஹோஸ் வைத்துச் சட்டையை ஊதுவதும் அப்படித்தான், படிந்த தூசியைத் திரும்ப மூக்குக்கு ஏற்றுகிற வேலை. நுண்தூசியைப் பிடிக்கிற ஹெபா வாக்குவம் வாங்குங்க, இல்லையென்றால் ஈரத்துணி.

சவுகார்பேட்டை உரைகல்
தங்கம் சோதிக்கிற இடங்களையும் சேர்த்துக்கோங்க அண்ணே. தங்க சாம்பிளை ஈயத் தகட்டில் சுற்றி, ஆயிரம் டிகிரி அளவில் சூடான உலையில் வைக்கும்போது ஈயம் ஆக்சைடாகிப் பெரும்பகுதி க்யூப்பல் என்கிற சின்னக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்படும், மிச்சம் புகையாகும். உலைக்கதவு திறக்கும்போது எக்ஸாஸ்ட் ஓடவில்லை என்றால் அந்தப் புகை நேராக முகத்துக்கு. யாரும் கவலைப்படாதது பழைய க்யூப்பலைப் பற்றி. வெறும் கையால் நொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அதே கையால் டீயும் பிஸ்கட்டும். ஈயம் மூக்கு வழியாக மட்டும் போவதில்லை, வாய் வழியாகவும் போகும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ரெண்டு வழியும் திறந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனைக்காரன்
ஈயத்துக்கு விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை நம்ப வேண்டாம், தோலில் ஒட்டிய தூசியே எண்ணிக்கையை ஏற்றிவிடும். குளித்து உடை மாற்றி, கையைச் சோப்பால் கழுவி, ரத்தக்குழாயில் எடுக்கணும். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் ரெண்டும் கூடவே பாருங்க. இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு ஈயத்தையும் மாங்கனீஸையும் அதிகமாக உறிஞ்சும்.

தாதுவில் ஆர்சனிக் இருந்தால் அதற்குச் சிறுநீர் டெஸ்ட். காசிமேட்டு ஆளுங்களுக்கு முக்கியமான விஷயம்: மீன், இறால், நண்டு நாலு நாள் சாப்பிடக் கூடாது. கடல் உணவில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கில்லாத வகை, ஆனால் மொத்தக் கணக்கை எக்கச்சக்கமாக உயர்த்திக் காட்டும். அதிகம் வந்தால் வகை பிரித்துப் பார்க்கும் டெஸ்ட் கேளுங்க.

மாங்கனீஸில் ரத்த ரிப்போர்ட் ஒரு தனி ஆளுக்குப் பெரிதாக உதவாது. ஆளைப் பாருங்க: கையெழுத்து சின்னதாகுதா, பின்னோக்கி நடக்கச் சொன்னால் விழுகிறாரா, காரணமில்லாமல் கோபம், தூக்கமின்மை. இதைக் குடிப்பழக்கம் என்று தள்ளிவிடுவதுதான் நடக்குது. முற்றிவிட்டால் திரும்பாது, பார்க்கின்சன் மாத்திரையும் சரியாகக் கேட்காது.

மணலி ஷிஃப்ட்
மாஸ்க் பற்றி ரெண்டு வரி. கர்ச்சீப்பும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்தத் தூசிக்கு ஆகாது. நுண்தூசியைத் தடுக்கிற பி100 ஃபில்டர் போட்ட, மூக்கையும் வாயையும் மூடுகிற ஹாஃப் மாஸ்க் வேணும், தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைங்க துணியோடு துவைக்காதீங்க.

ஈயம் ஏறினால் வருகிற வயிற்றுவலி, மலச்சிக்கல் என்று டாக்டரிடம் போனால் கேஸ் மாத்திரையோடு முடித்துவிடுவார்கள். என்ன தாது, எத்தனை வருஷம் என்று ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்க. ஈய நச்சும் மாங்கனீஸ் நச்சும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்த நோய்கள், டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவை. இழப்பீடு கேட்கும்போதும் அந்தச் சீட்டு கைகொடுக்கும்.

ஈயத்தை இறக்குகிற மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆளை அதே உலைக்கு அனுப்புகிற முதலாளிகளும் உண்டு. அது கூடாது. முதலில் ஆளை அங்கிருந்து மாற்றணும், மருந்து தேவையா என்பதை அப்புறம் டாக்டர் முடிவு செய்வார். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்பில் தங்கியது பல வருஷம் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ரத்தத்துக்கு வரும். அதனால் ஒரு டெஸ்டில் குறைந்தது என்று உடனே பழைய இடத்துக்கு அனுப்பச் சம்மதிக்காதீங்க, இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க.