ரியூனியனில் இரண்டு நாள் கார்ப் பயணம்: திட்டம் நேரத்துக்குள் அடங்கவில்லை, வழி சொல்லுங்கள்

கேள்வி (கியூர்பிப், மொரிசியஸ்)

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் இறங்கி, ஞாயிறு இரவு விமானத்தில் திரும்புவதாக இருக்கிறோம். நானும் கணவரும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும், ஏழு வயது மகளும் வருகிறோம். விமான நிலையத்திலேயே கார் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம்.

சனிக்கிழமை காலை சிலாவோஸ் மலையூர், பிற்பகல் எரிமலை. ஞாயிறு காலை தென்கிழக்கில் எரிமலைக் குழம்பு ஓடிய கடற்கரைச் சாலை, அதன்பின் மேற்கே லெர்மித்தாஜ் கடற்கரை, மாலையில் விமான நிலையம் என்று எழுதி வைத்திருக்கிறேன். சான் ஆந்த்ரேயில் ஒரு கோயிலுக்காவது போக வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். வரைபடத்தில் தூரங்கள் எல்லாம் குறைவாகத்தான் தெரிகின்றன. ஆனால் சாப்பாடு, ஓய்வு, கார் நிறுத்தும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு நாளும் இருட்டிய பிறகுதான் முடிகின்றன. எதை விடுவது, எதை முன்னே வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவதும் எங்களுக்குப் புதிது.

பதில் (சான் பியேர், ரியூனியன்)

சகோதரி, முதலில் சிலாவோஸை விட்டுவிடுங்கள். அது அழகில்லாத இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு முழு நாள் வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். சான் லூயியிலிருந்து மேலேறும் அந்தச் சாலையில் 400க்கும் மேற்பட்ட வளைவுகள் உள்ளன. சில இடங்களில் பேருந்து எதிரே வந்தால் நீங்கள் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டியிருக்கும். குழந்தைக்கு வயிற்றைப் புரட்டும், பெரியவருக்கு உடல் வலிக்கும், அதே வழியில்தான் திரும்பவும் வேண்டும்.

இரண்டாவது, எரிமலையைப் பிற்பகலில் வைக்காதீர்கள். எங்கள் மலைகளில் விடியற்காலை வானம் தெளிவாக இருக்கும். பத்து மணி வாக்கில் கடற்புறத்திலிருந்து மேகம் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பிற்பகலில் போகிறவர்கள் பல நாள் வெள்ளை மூட்டத்தைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள்.

மூன்றாவது, ஞாயிறு மாலை மேற்குக் கரையிலிருந்து வடக்கே வரும் பாதையை நம்பி விமானத்துக்குப் புறப்படாதீர்கள். ஞாயிறு என்றால் இங்குள்ள குடும்பங்கள் அடுப்பும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு கடற்கரை மரநிழலில் சமைத்துச் சாப்பிடப் போவது வழக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பும்போது சாலை நகராது. விமான நிலையம் சான் தெனிக்குக் கிழக்கே, சேந்த் மரியில் இருக்கிறது. ஆகவே பயணத்தின் கடைசிப் பகுதி கிழக்குக் கரையில் இருந்தால் அந்த நெரிசலில் சிக்க மாட்டீர்கள்.

நான் போடும் வழி இது. வெள்ளி இரவு விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்குங்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, சான் பெனுவா வரை கடற்கரைச் சாலையிலும், அங்கிருந்து பிளேன் தே பல்மிஸ்த் வழியாக மலைமேலும் ஏறி, பூர் முராவில் எரிமலைச் சாலையில் திரும்புங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். முடிவில் பா தெ பெல்கோம்ப் என்னும் விளிம்பில், 2,311 மீட்டர் உயரத்தில், கார் நிறுத்துமிடம் உள்ளது. அங்கிருந்து சில நிமிட நடையில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். உங்கள் மாமியார் அதற்குமேல் நடக்க வேண்டியதில்லை. விளிம்பில் நின்றாலே கீழே ஃபோர்மிகா லியோ என்னும் சிறிய செம்பழுப்புக் கூம்பும், எதிரே பித்தோன் தே லா ஃபூர்னேஸ் எரிமலையும் முன்னே நிற்கும். அதற்குமுன் பிளேன் தே சாப்ல் என்ற கருமணல் வெளியைக் கடக்கும்போது காரை நிறுத்தி மகளுக்குக் காட்டுங்கள். புல்பூண்டு அதிகம் இல்லாத அந்த வெளியை அவள் மறக்க மாட்டாள்.

கடற்கரையைவிட அங்கே சுமார் 15 பாகை குளிர் கூடுதலாக இருக்கும். கியூர்பிப் குளிருக்குப் போடும் மெல்லிய ஸ்வெட்டர் போதாது. காதை மூடும் தொப்பியும் கொண்டுவாருங்கள்.

பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கினால் மதிய உணவுக்குச் சான் பியேர் வந்துவிடலாம். இங்கே ஊருக்குள்ளேயே பவளப்பாறை அரணுக்கு உட்பட்ட ஆழமில்லாத கடற்பகுதி இருப்பதால், லெர்மித்தாஜ் போகாமலே மகள் குளிக்கலாம். சுறாத் தாக்குதல்கள் காரணமாக, 2013 முதல் இத்தகைய காயல்களுக்கும் கண்காணிப்புள்ள இடங்களுக்கும் வெளியே கடலில் இறங்கத் தடை உள்ளது. கரையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டே இறங்குங்கள். சனி இரவு இங்கேயே தங்கிவிட்டால், ஞாயிறு காலை சான் ஜோசெப், சான் ஃபிலிப் வழியாகக் குழம்புச் சாலையில் போய், கிழக்குக் கரையோடு விமான நிலையம் சேரலாம். வந்த வழியில் மறுபடி போக வேண்டியதே இல்லை.

பதில் (ரோஸ் ஹில், மொரிசியஸ்)

மேலே ஐயா சொன்ன வழியை நானும் ஏற்கிறேன். ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேர்ச்சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது விரைவில் பழகிவிடும். குழப்பம் வருவது வட்டச் சந்திப்புகளில்தான். நம் ஊரில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி, வலப்புறம் வருபவருக்கு வழிவிடுகிறோம். அங்கே எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இடப்புறத்திலிருந்து ஏற்கெனவே வட்டத்துக்குள் வருபவருக்கு வழிவிட வேண்டும். வட்டம் இல்லாத, குறியீடும் இல்லாத சிறு சந்திப்புகளிலோ வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவது நல்லது.

கியர்த் தண்டு ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் இருக்கும். தானியங்கிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள். எரிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல், கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். பெட்ரோல் விலையை மாதந்தோறும் அரசே தீவு முழுவதற்கும் நிர்ணயிப்பதால், மலிவான இடம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். மலையேறும்முன் சான் பெனுவாவில் நிரப்பிக்கொண்டால் போதும். காட்சிமுனைகளில் காரை நிறுத்தும்போது கைப்பை எதையும் உள்ளே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பதில் (சான் ஆந்த்ரே, ரியூனியன்)

கோயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரின் கோலோஸ் கோயில், நீங்கள் ஞாயிறு பிற்பகல் வரும் வழியிலேயே இருக்கிறது. வெற்றிலை, எலுமிச்சை, பூமாலை எதையும் மொரிசியஸிலிருந்து எடுத்துவராதீர்கள். பழம், காய், செடிகொடிகளைப் பயணிகள் பைகளில் கொண்டுவருவதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தேவையானவற்றை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். செருப்பை மட்டுமன்றி, தோல் இடைவாரையும் தோல் பையையும் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே வருவது எங்கள் வழக்கம். நடை திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்து வாருங்கள், மதியம் மூடியிருக்கக்கூடும்.

சிலாவோஸ் போக முடியவில்லையே என்ற குறையும் வேண்டாம். நேரம் மிஞ்சினால் எங்கள் ஊரிலிருந்தே சலாசி மலைப்பகுதிப் பக்கம் திரும்புங்கள். மணமகளின் முக்காடு என்று பெயர்பெற்ற அருவி சாலையிலிருந்தே தெரியும்; பெரியவர் காரைவிட்டு இறங்காமலே பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

மனமார்ந்த நன்றி. சிலாவோஸை எடுத்துவிட்டேன், இப்போது இரண்டு நாளும் பகல் வெளிச்சத்துக்குள் முடிகின்றன. ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. மழை பிடித்துக்கொண்டாலோ, எரிமலை வெடித்துக் கடற்கரைச் சாலை மூடப்பட்டாலோ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

பதில் (சான் பியேர், ரியூனியன்)

செப்டம்பர் வறண்ட பருவத்தில் வருகிறது. நல்ல மாதத்தையே தேர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் போகும் எரிமலைச் சாலையோரத்தில் கொமெர்சோன் என்னும் பழைய எரிமலைவாய்ப் பள்ளம் இருக்கிறது. 2007 பிப்ரவரியில், கமேட் புயலின்போது, அங்கே 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவானது, அது உலகச் சாதனை. புயல் பருவத்தில் குழந்தையோடு மலைப்பயணம் வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

சனிக்கிழமை காலை மேகமாக இருந்தால், எரிமலையை ஞாயிறு விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சான் பியேரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். எரிமலை வெடித்திருந்தால் பள்ளத்துக்குள் இறங்கும் நடைபாதையை மூடிவிடுவார்கள். அது உங்கள் திட்டத்தில் இல்லை. ஆனால் வேடிக்கை பார்க்க வரும் கார்களால் மேலேறும் சாலையும் நிரம்பிவிடும், சில நேரம் அதையும் கட்டுப்படுத்துவார்கள். குழம்பு கடற்கரைச் சாலையைக் கடப்பது அரிது. 2007 ஏப்ரலில் கிரான் புரூலே என்னும் தென்கிழக்குக் கடற்சரிவில் கடந்தது. அதன்மேல் சாலையைத் திரும்ப அமைத்தார்கள், அந்தக் கரும்பாறை நடுவேதான் நீங்கள் ஓட்டிப் போவீர்கள். மூடியிருந்தால் சான் பியேரிலிருந்து பிளேன் தே காஃப்ர், பிளேன் தே பல்மிஸ்த் வழியாகவே சான் பெனுவாவுக்கு இறங்கிவிடுங்கள். விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

அப்போதும் கிழக்குக் கரையிலுள்ள சேந்த் ரோஸ் ஊரைப் பார்க்க வழியுண்டு. 1977இல் குழம்பு வாசல்வரை வந்து சூழ்ந்து நின்ற தேவாலயம் அங்கே பித்தோன் சேந்த் ரோஸில் இருக்கிறது. சான் பெனுவாவிலிருந்து தெற்கே சிறிது தூரம் போய்த் திரும்பலாம், அந்தப் பகுதிச் சாலை பெரும்பாலும் திறந்தே இருக்கும். புறப்படும் நாள் காலையில் மாவட்ட ஆட்சியரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.