சித்தி பயாப்ஸி ரிப்போர்ட்: குடும்பக் குழுவில்

சித்தப்பா: ரிப்போர்ட் வந்துவிட்டது. தைராய்டில் பாப்பில்லரி கார்சினோமா என்கிற புற்றுநோயாம், 3.2 செ.மீ. ஆபரேஷனில் கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளில் நான்கில் இருக்கிறதாம்.

தங்கச்சி: அண்ணா, நெறிக்கட்டிக்கு வந்துவிட்டால் மூன்றாம் ஸ்டேஜா? கூகுளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

டாக்டர் அண்ணன்: கூகுளை மூடு. தைராய்டில் ஸ்டேஜ் கணக்குக்கு வயதும் சேரும். 55க்குக் கீழே என்றால், நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் பரவாதவரை பாப்பில்லரி ஸ்டேஜ் 1தான், கழுத்து நெறிக்கட்டி இருந்தாலும். சித்திக்கு 47. அந்த எல்லை முன்பு 45, 2018இல்தான் மாறியது. பழைய கணக்கில் இதே ரிப்போர்ட் மூன்றோ நான்கோ ஆகியிருக்கும்.

மாமா: [பலமுறை பகிரப்பட்டது] கருஞ்சீரகம் 21 நாள் சாப்பிட்டால் தைராய்டு கட்டி கரையும்!! அனைவருக்கும் பகிரவும் 🙏

அத்தை: இவர் போனை யாராவது பிடுங்கி வையுங்கள்.

சித்தி: அடுத்து அயோடின் என்றார்களே, அது கீமோவா? முடி கொட்டுமா?

டாக்டர் அண்ணன்: கீமோ இல்லை சித்தி, அந்த மாதிரி முடி கொட்டாது. அயோடின் 131, ஒரு கேப்ஸ்யூல். மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அதை உறிஞ்சி, அதன் கதிர்வீச்சிலேயே அழியும். எல்லாருக்கும் இது தேவைப்படாது. ஜப்பானில் கோபேயில் உள்ள குமா மருத்துவமனையில் 1 செ.மீ.க்கு உட்பட்ட சில கட்டிகளை 1993 முதல் ஆபரேஷன்கூடச் செய்யாமல் ஸ்கேனில் கவனித்து வருகிறார்கள். உங்களுக்கு நெறிக்கட்டியிலும் இருந்ததால்தான் அயோடின் எடுக்கச் சொல்கிறார்கள்.

அத்தை: எனக்கு 1998இல் கொடுத்தார்கள். மருந்தைவிட, அதற்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்திய வாரங்கள்தான் கொடுமை. எப்போதும் தூக்கம், குளிர், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அப்புறம் தனி அறை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

டாக்டர் அண்ணன்: தைராய்டு செல்களைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 30க்கு மேல் ஏறத்தான் நிறுத்துவது, அத்தை. இப்போது அதற்குப் பதில் ஊசி உண்டு, விலைதான் அதிகம். வீட்டுக்கு வந்ததும் குட்டிப்பாப்பாவைச் சில நாள் தள்ளி வைக்கவேண்டும். எத்தனை நாள் என்று டோஸைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.

சித்தப்பா: அயோடினுக்கு முன்னால் உப்பு கூடாதாமே? நம் வீட்டில் கல் உப்புதான்.

டாக்டர் அண்ணன்: உப்பே கூடாதென்று இல்லை, அயோடின் சேர்த்த உப்பும் கடல் உப்பும் வேண்டாம். மீன், கருவாடு, பால், தயிர், முட்டை மஞ்சள் கருவும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம்தான்.

சித்தி: அப்போ காபி?

டாக்டர் அண்ணன்: கடுங்காபி.

சித்தி: ஆபரேஷனைத் தாங்கிவிட்டேன், இதைத் தாங்கமாட்டேன் 😑

தங்கச்சி: அத்தை, உங்களுக்குத் திரும்ப வரவே இல்லையா?

அத்தை: வந்தது, 2009இல். ரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) ஏறியதை வைத்துக் கண்டுபிடித்து, கழுத்தில் ஒரு நெறிக்கட்டியை எடுத்தார்கள். இன்னும் வருஷா வருஷம் போகிறேன். ‘நல்ல கேன்சர்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் அண்ணன்: கோபம் நியாயம்தான். கழுத்தோடு நின்ற பாப்பில்லரியில் ஐந்து வருஷம் தாண்டிப் பிழைத்திருப்பவர்கள் 100க்கு 98க்கு மேல். ஆனால் பத்து, இருபது வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். அதனால் ‘ஐந்து வருஷம் தாண்டியாச்சு’ என்று செக்கப்பை விடக்கூடாது.

சித்தி: சரிப்பா. நேற்றிலிருந்து உதடும் விரல் நுனியும் குறுகுறுக்கிறது, அதுவும் இதில் சேர்த்தியா?

டாக்டர் அண்ணன்: கால்சியம் குறைந்தால் அப்படி வரும். கால்சியம் மாத்திரை போடுகிறீர்களா?

சித்தி: தீர்ந்து இரண்டு நாள் ஆச்சு.

டாக்டர் அண்ணன்: சித்தப்பா, இப்போதே வாங்குங்கள். இன்றே ரத்தத்தில் கால்சியமும் பார்க்கவேண்டும், ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் போன் போடுங்கள். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், 4 மணி நேரம் தள்ளி.

சித்தப்பா: மெடிக்கலில் நிற்கிறேன். எந்தக் கால்சியம் என்று கேட்கிறான்.

டாக்டர் அண்ணன்: டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.