வைஃபை பெயரை மறைத்தபின் லேப்டாப் தானாக இணையவில்லை. அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைப் பட்டியலிலிருந்து நீக்குவது எப்படி?

கேட்டவர்: நீலவலை

ரவுட்டரில் எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) பிராட்காஸ்ட்டை அணைத்து வைத்திருக்கிறேன். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர், பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2. அணைத்ததிலிருந்து விண்டோஸ் 11 லேப்டாப் தானாக இணைவதில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியலில் 'ஹிட்டன் நெட்வொர்க்' என்பதைத் தட்டி, பெயரையும் பாஸ்வேர்டையும் கையால் அடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே சேமித்த நெட்வொர்க்தானே, ஏன் அடையாளம் தெரியவில்லை?

இன்னொன்று. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் பட்டியலை அடைத்துக்கொண்டிருக்கிறது. எப்போதோ இணைத்த பழைய ரிப்பீட்டர் (சிக்னலை நீட்டிக்கும் கருவி) ஒன்றில் லேப்டாப் போய் ஒட்டிக்கொள்கிறது. பட்டியலில் நம் பெயர் மட்டும் தெரியும்படி செய்ய முடியுமா?

பதில்: கம்பியிலான்

முதல் கேள்விக்கு. பெயர் தெரிந்த நிலையில் சேமித்த ப்ரொஃபைலில் (விண்டோஸ் வைத்திருக்கும் இணைப்புப் பதிவில்) "ஒலிபரப்பினால் மட்டும் இணை" என்று பதிந்திருக்கும். விண்டோஸ் அந்தப் பெயரைக் காற்றில் கேட்டால்தான் இணையும். தானாகக் கூப்பிட்டுப் பார்க்காது. இது கோளாறில்லை, விஸ்டா காலத்திலிருந்து வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போங்கள். பழைய பதிவை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, அதே பக்கத்தில் 'ஆட் நெட்வொர்க்' அழுத்துங்கள். பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்ட் கேட்கும். கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஒன்று தானாக இணைய, மற்றது பெயர் ஒலிபரப்பாவிட்டாலும் இணைய. இரண்டையும் டிக் செய்யுங்கள். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள், பிறகு அதே தொல்லைதான்.

இங்கே சறுக்கும் இடங்கள் இரண்டு. பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கடைசியில் தெரியாமல் விழுந்த ஸ்பேஸ் எல்லாமே கணக்கு. அடுத்து பாதுகாப்பு வகை. ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்துவிட்டு இங்கே டபிள்யூபிஏ2 பெர்சனல் தேர்ந்தெடுத்தால் இணையாது. பெயரைக் காட்டும் நெட்வொர்க்கில் விண்டோஸ் வகையைத் தானே கண்டுபிடித்துவிடும். கையால் சேர்க்கும்போது அதை நீங்கள்தான் சரியாகச் சொல்ல வேண்டும்.

பதில்: முனையம்

இரண்டாவது கேள்வி என் பங்கு. செட்டிங்ஸில் இதற்கு வழி கிடையாது, கமாண்ட்தான். கீழே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 'வ்லான்' என்பது டபிள்யூ-எல்-ஏ-என், 'நெட்ஷ்' என்பது என்-இ-டி-எஸ்-எச். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் ஃபில்டர் (எந்தப் பெயர் தெரியலாம், தெரியக்கூடாது என்ற வடிகட்டி) போட அனுமதிக்காது.

ஒரே ஒரு நெட்வொர்க்கை மறைக்க:

நெட்ஷ் வ்லான் ஆட் ஃபில்டர் பெர்மிஷன்=பிளாக் எஸ்எஸ்ஐடி="பெயர்" நெட்வொர்க்டைப்=இன்ஃப்ராஸ்ட்ரக்சர்

நம்முடையது மட்டும் தெரிய வேண்டுமென்றால் முதலில் அனுமதி, பிறகுதான் தடை:

நெட்ஷ் வ்லான் ஆட் ஃபில்டர் பெர்மிஷன்=அலவ் எஸ்எஸ்ஐடி="நம் பெயர்" நெட்வொர்க்டைப்=இன்ஃப்ராஸ்ட்ரக்சர்

நெட்ஷ் வ்லான் ஆட் ஃபில்டர் பெர்மிஷன்=டினைஆல் நெட்வொர்க்டைப்=இன்ஃப்ராஸ்ட்ரக்சர்

வரிசை மாறினால் உங்கள் இணைப்பே அறுந்துவிடும். 2.4க்கும் 5க்கும் தனிப் பெயர் வைத்திருந்தால் இரண்டுக்கும் அலவ் போடுங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டையும் மறக்காதீர்கள். ஐஃபோன் தானாக வைக்கும் ஆங்கிலப் பெயரில் வரும் மேற்கோள் குறி வளைந்தது. கீபோர்டில் அடித்தால் விழும் நேர்க்குறி அதற்குப் பொருந்தாது. ஃபோன் பெயரையே மாற்றிவிடுவது லேசு.

லேப்டாப்பை வெளியூருக்கு எடுத்துச் செல்லும் முன் டினைஆல் வரியில் 'ஆட்' இருக்கும் இடத்தில் 'டெலீட்' என்று அடித்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் போன இடத்தில் வைஃபையே இல்லை என்று தோன்றும். இப்போது என்னென்ன ஃபில்டர் இருக்கிறது என்று பார்க்க 'நெட்ஷ் வ்லான் ஷோ ஃபில்டர்ஸ்'. அலுவலக லேப்டாப்பாக இருந்தால் க்ரூப் பாலிசி (நிறுவனம் வைக்கும் கட்டுப்பாடு) வழியாக வந்தவை அதில் தனியாகத் தெரியும், அவற்றை நீங்கள் நீக்க முடியாது.

ரிப்பீட்டர் பிரச்சினைக்கு ஃபில்டர்கூட வேண்டாம், அந்த ப்ரொஃபைலை ஃபர்கெட் செய்தால் போதும். எப்போதாவது தேவைப்படும் என்றால் தானாக இணைவதை மட்டும் நிறுத்துங்கள்:

நெட்ஷ் வ்லான் செட் ப்ரொஃபைல்பராமீட்டர் நேம்="பெயர்" கனெக்ஷன்மோட்=மேனுவல்

ஆனால் ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் ஒரே பெயர் இருந்தால் இதெல்லாம் உதவாது. ஃபில்டரும் ப்ரொஃபைலும் பெயரைத்தான் பார்க்கும், எந்தக் கருவி என்று பார்க்காது.

பதில்: அலையெண்

மேலே சொன்ன வழிகள் சரி. ஆனால் பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லையே. பாதுகாப்புக்காக என்றால் அது பலன் தராது, சொல்லப்போனால் எதிர்ப்பலன்.

பிராட்காஸ்ட்டை அணைத்தாலும் ரவுட்டர் பீக்கன் (தான் இருப்பதை அறிவிக்கும் சிக்னல்) அனுப்புவதை நிறுத்துவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அது போய்க்கொண்டே இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. உங்கள் கருவி ஒன்று இணையும் கணத்தில் அசோசியேஷன் ரிக்வெஸ்ட் என்ற இணைப்புக் கோரிக்கையில் அந்தப் பெயர் அப்பட்டமாகப் போகும். டபிள்யூபிஏ3 போட்டாலும் அந்தக் கோரிக்கைக்கு என்கிரிப்ஷன் கிடையாது. மானிட்டர் மோடில் (காற்றில் போகும் எல்லா வைஃபை சிக்னலையும் பிடிக்கும் நிலையில்) கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பெயர் தெரிய ஒரே ஒரு இணைப்பு போதும்.

எதிர்ப்பலன் எங்கே என்றால், 'ஒலிபரப்பாவிட்டாலும் இணை' என்று டிக் செய்த லேப்டாப் தேடும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும், வீட்டில் மட்டுமல்ல, ரயில்நிலையத்திலும்தான். வீட்டில் மறைத்த பெயரைத் தெருவெல்லாம் கூவிக்கொண்டு போகிறது. கருவியின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் வைத்தாலும், வேறு யாருக்கும் இல்லாத அந்தப் பெயரே அடையாளமாகிவிடும். மறைத்த நெட்வொர்க்கில் சேர்ந்தால் ஐஃபோன் எச்சரிக்கை காட்டுவது இதனால்தான்.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான டிஎஃப்எஸ் சேனல்களில் (ரேடாரோடு பங்கிட்டுக்கொள்பவை) இன்னொரு சிக்கல். ரேடாருக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால், பீக்கன் காதில் விழும்வரை லேப்டாப் அங்கே வாய் திறக்கக்கூடாது. விழுந்த பீக்கனிலும் பெயர் இல்லை. அதனால் இணைய நேரமாகும். மறைத்தே தீருவேன் என்றால் சேனலை 36க்கு மாற்றுங்கள்.

பெயரைத் திறந்து வைத்துவிட்டு, ரவுட்டரில் இவற்றைச் செய்யுங்கள்: எல்லாக் கருவிகளும் ஏற்றால் டபிள்யூபிஏ3, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த மோட். என்கிரிப்ஷன் முறையில் பழைய டிகேஐபி வேண்டாம், ஏஇஎஸ் மட்டும். பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை போகலாம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே 10 கோடி அல்ல, 11,000 முயற்சியில் முடிந்துவிடும். 2011இலேயே வெளிவந்த ஓட்டை இது.

பெயரில் வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ இருப்பதுதான் கவலை என்றால் பெயரை மாற்றுங்கள். தமிழில் வைக்க ஆசைப்பட்டால் ஒன்று: எஸ்எஸ்ஐடிக்கு 32 பைட்தான் எல்லை. யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கோ' போன்ற எழுத்துக்கு இரண்டு குறியீடு போய்விடும், ஆக மொத்தம் 10 குறியீடுதான் கொள்ளும்.

கேட்டவர்: நீலவலை

பிராட்காஸ்ட்டைத் திறந்துவிட்டேன், தானாக இணைகிறது. ஃபில்டரும் வேலை செய்கிறது. ஆனால் 'நெட்ஷ் வ்லான் ஷோ நெட்வொர்க்ஸ்' அடித்தால் லொகேஷன் அனுமதி வேண்டும் என்று பிழை வருகிறது. அட்மினாகத்தான் திறந்திருக்கிறேன்.

பதில்: முனையம்

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வந்த மாற்றம் அது. அருகிலுள்ள வைஃபை பட்டியலை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைக் கணிக்கலாம் என்பதால் அதை லொகேஷன் அனுமதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் போய், லொகேஷன் சர்வீசஸையும் அதே பக்கத்தில் டெஸ்க்டாப் ஆப்களுக்கான அனுமதியையும் ஆன் செய்யுங்கள். பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம், போட்ட ஃபில்டர் அப்படியே இருக்கும்.

அப்புறம், திறந்துவிட்டதோடு பழைய டிக் போகாது. 'ஒலிபரப்பாவிட்டாலும் இணை' என்று சேர்த்த ப்ரொஃபைல் இன்னும் இருந்தால் அதை ஃபர்கெட் செய்து, பட்டியலிலிருந்து சாதாரணமாக மறுபடி இணையுங்கள். இல்லையென்றால் வெளியே போகும்போது பெயரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்.