எது முதலில் தீர்ந்தது? மலையில் பார்த்த வேதிக் கணக்குகள்

தாண்டிக்குடி டீச்சர்

வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்றாலே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயம். இரண்டு பொருள் சேர்ந்து வினை புரியும்போது எது முதலில் தீருகிறதோ, அதுதான் எவ்வளவு விளைபொருள் கிடைக்கும் என்பதை முடிவு செய்யும். இதைப் புத்தகம் இல்லாமலே தெரிந்து வைத்திருப்பவர்கள் எங்கள் பழனி மலையின் காபி, மிளகு விவசாயிகள். மழைக்கு முன்னால், பூஞ்சை நோய் வராமலிருக்க இலைகளில் அடிக்கும் போர்டோ கலவை தயாரிப்பார்கள்: 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்குவார்கள். கடைசியில் தீட்டிய கத்தியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். கத்தி பளபளப்பாகவே இருந்தால் அடிக்கலாம். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும்.

அந்தக் கத்தி சொல்வது இதுதான்: துத்தம் தீரவில்லை, சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. மிஞ்சிய துத்தத்தில் உள்ள செம்பு, கத்தியின் இரும்பு மேல் வந்து படிகிறது. அந்த நிலையில் கலவையை அடித்தால் இலை கருகும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருமுறை வந்து, “என்ன டீச்சர், கிலோவுக்குக் கிலோ போட்டும் கத்தி செவக்குதே, எப்படி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. வகுப்பில் பல மாதங்களாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான். மறுநாள் கரும்பலகையில் அதையே கணக்காகப் போட்டேன்.

மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் ஓர் அளவு. மயில்துத்தம் 250 கிராம் என்பது ஒரு மோல். நீர்த்த சுண்ணாம்பு 74 கிராம் ஒரு மோல். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரண்டும் சேரும். ஆகவே 1 கிலோ துத்தத்தில் 4 மோல். அதற்குச் சுத்தமான நீர்த்த சுண்ணாம்பு 296 கிராம் போதும். ஒரு கிலோ போட்டால் மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. அப்போது தீருவது துத்தம்தான். கிடைக்கும் செம்பு ஹைட்ராக்சைடு 4 × 97.5, அதாவது 390 கிராம். (அந்த நீலப் படிவின் உண்மையான அமைப்பு இவ்வளவு எளிமையானதல்ல. கணக்குக்கு இப்படி எடுத்துக்கொள்கிறோம்.)

அப்படியானால் கத்தி ஏன் சிவந்தது? அண்ணன் வாங்கியது போன வருஷத்துச் சுண்ணாம்பு. மூட்டை வாயைக் கட்டாமல் கொட்டகையில் கிடந்திருக்கிறது. எங்கள் ஊர் மூடுபனியும் ஈரமும் தெரியுமே. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் குடித்து அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிட்டது. அது தண்ணீரில் கரையாது, லேசில் வினைக்கும் வராது. எடை என்னவோ கிலோதான், வீரியம் போய்விட்டது.

கிலோவில் 200 கிராம்தான் நல்ல சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். 200-ஐ 74 ஆல் வகுத்தால் 2.7 மோல். துத்தம் 4 மோல். இப்போது முதலில் தீருவது சுண்ணாம்பு. படிவு 263 கிராம். மிஞ்சும் துத்தம் 1.3 மோல், அதாவது 325 கிராம். கத்தியைச் சிவக்க வைத்தது அதுதான். எடையை வைத்து எது தீரும் என்று சொல்லக்கூடாது, மோலாக மாற்றிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் புதுச் சுண்ணாம்பு கொண்டுவந்து சேர்த்தார், கத்தி சிவக்கவில்லை.

மலைத்தேன்

டீச்சர், கத்தி சிவக்காவிட்டால் சுண்ணாம்பு எவ்வளவு மிஞ்சியது என்று தெரியுமா?

தாண்டிக்குடி டீச்சர்

தெரியாது சார். துத்தம் மிஞ்சியிருக்கிறதா என்று மட்டும்தான் கத்தி சொல்லும். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள், நீலமானால் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கிறது. அளவு தெரிய தரம் பார்த்தல் (அளவு தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) செய்ய வேண்டும்.

ஊட்டி அறிவியல் மன்றம்

நாங்கள் பலூன் வைத்துச் செய்வோம். மூன்று பாட்டில், ஒவ்வொன்றிலும் 5 சதவீத வினிகர் 100 மில்லி. பலூன்களில் சமையல் சோடா 3.5, 7, 14 கிராம். வாயில் மாட்டிக் கவிழ்த்தால் முதல் பலூன் பாதிதான் வீங்கும். மற்ற இரண்டும் ஒரே அளவு. 14 கிராம் போட்ட பையன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு ஆச்சரியம்! 100 மில்லியில் அமிலம் 5 கிராம், அது 0.083 மோல். 7 கிராம் சோடாவும் அதே 0.083 மோல். அதற்கு மேல் போட்ட சோடா வினைக்கு வராமல் சும்மா கிடக்கும்.

இதையே மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகளோடும் செய்தோம். அங்கே பலூன் சிறியதாக இருந்தது. ஊட்டி 2200 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, வாயு கூடுதலாக விரியும். கணக்குப்படி இங்கே 2.6 லிட்டர், கீழே 2.1 லிட்டர். (கொஞ்சம் வாயு வினிகரிலேயே கரைந்துவிடும்.) ஆனால் இரண்டு ஊரிலும் உண்டான கார்பன் டை ஆக்சைடு அதே 3.7 கிராம்தான். லிட்டரை வைத்து விளைபொருளை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

குன்னூர்வாசி

1960-இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் அப்பா வேலை பார்த்தார். வெள்ளி நைட்ரேட் 170 கிராமுக்குப் பொட்டாசியம் புரோமைடு 119 கிராம் கணக்கு. ஆனால் ஃபிலிமுக்கான குழம்பு (ஃபிலிம் மேல் பூசும், வெளிச்சம் பட்டால் மாறும் வெள்ளி புரோமைடு கலவை) செய்யும்போது புரோமைடைக் கூடுதலாகவே வைப்பார்கள். “வெள்ளி மிஞ்சவே கூடாது” என்பார் அப்பா. மிஞ்சினால் வெளிச்சம் படாத இடமும் கறுத்துவிடும். விலை கூடிய வெள்ளி முழுசும் தீரணும் என்பதும் இதிலேயே சரியாகிவிடுகிறது.

கொடைக்கானல் ஏரிக்கரை

நான் தங்கும் விடுதி நடத்துகிறேன். குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்து, சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு தூங்க நினைக்கிறவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள். அவர்களிடம் இதே கணக்கைத்தான் சொல்கிறேன். பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயர அறையில், நம் மலை உயரத்துக் காற்றில், ஆக்சிஜன் சுமார் 150 மோல். ஒரு கிலோ கரி என்றால் ஏறக்குறைய 83 மோல் கார்பன். கரி முழுக்க எரிந்தால் அறையின் ஆக்சிஜனில் பாதிக்கு மேல் போய்விடும். கரி அடுப்பில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தொடக்கத்திலிருந்தே உண்டாகும், ஆக்சிஜன் குறையக் குறைய அது இன்னும் கூடும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம் வந்து உயிர் போகும். இரண்டு கம்பளி கூடுதலாகக் கொடுத்து, அடுப்பை நானே வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.