எபிக் பிரத்தியேக ஒப்பந்தங்கள்: உங்கள் மனதை இன்னும் உறுத்தும் ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்

நிலவறைவாசி:

மெட்ரோ எக்ஸோடஸ் என்ற கேம், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையை விட்டுப் போட்டிக் கடையான எபிக்குக்குப் போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விரித்துச் சொல்லவில்லை. கணினியில் அது இனி எபிக்கில் மட்டும்தான் என்று 2019 ஜனவரி 28 அன்று அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 15 அன்று வெளியீடு. அதுவரை முன்பதிவு நடந்துகொண்டிருந்த அதே பக்கத்தில், இது தங்கள் வாடிக்கையாளர்களுக்கு நியாயமான முடிவல்ல என்று ஸ்டீம் ஒரு குறிப்பை வைத்தது. முன்கூட்டியே பணம் கட்டியிருந்ததால் எனக்கு ஸ்டீமிலேயே கேம் கிடைப்பது உறுதியாகியிருந்தது. சம்பளம் வரட்டும் என்று காத்திருந்த என் அறைத்தோழனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

அன்று இரவு அவன் அதே தொடரின் முந்தைய கேமான மெட்ரோ லாஸ்ட் லைட்டின் ஸ்டீம் பக்கத்தைத் திறந்தான். அந்த கேமுக்கு அவன் எழுதியிருந்த விமர்சனம் நீளமானது. வாயு முகமூடியின் கண்ணாடியில் படியும் அழுக்கைக் கையால் துடைத்துக்கொண்டே நடப்பது, வடிகட்டி தீரத் தீர மூச்சு கனப்பது என்று, விளையாடிப் பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதியிருந்தான். அதை ஒவ்வொரு வாக்கியமாக அழித்தான். கடைசியில் மிஞ்சியது, 'பதிப்பாளர் வாக்குத் தவறினார், வாங்காதீர்கள்' என்ற ஒற்றை வரியும், கீழ்நோக்கிய கட்டைவிரலும்தான். அதே வாரத்தில் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்தவர்களும் இதையே செய்துகொண்டிருந்தார்கள். அவன் கோபத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பழைய கேம் அவனுக்கு என்ன தீங்கு செய்தது என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

கல்லாப்பெட்டி:

நண்பர் நிலவறைவாசி, உங்கள் அறைத்தோழர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். மாதக்கணக்கில் விளம்பரம் செய்து, முன்பதிவும் வாங்கிக்கொண்டு, வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் கடையை மாற்றினால், வாங்குபவர் தன் எதிர்ப்பை எங்கே பதிவு செய்வது? பதிப்பாளரின் கண்ணில் படக்கூடிய இடம் விமர்சனப் பகுதி ஒன்றுதான். 2019 மார்ச்சில், கேமுக்குத் தொடர்பில்லாத விமர்சன அலைகளை மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் விதியை மாற்றியது. ஏப்ரலில் பார்டர்லேண்ட்ஸ் 3 ஆறு மாதங்களுக்கு எபிக்கில் மட்டும் என்று அறிவிக்கப்பட்டு பார்டர்லேண்ட்ஸ் 2-இன் மீது கோபம் திரும்பியபோது அந்த விதி பயன்படுத்தவும் பட்டது. அதன்பின் அந்த ஒரு வழியும் குறுகிவிட்டது.

என் அனுபவம் சிறியது. நான் ஒரு கேமிங் சென்டரில் கல்லாவில் அமர்ந்திருந்த காலம் அது. எபிக்கின் ஃபோர்ட்நைட் விளையாட வருபவர்களுக்காக எல்லாக் கணினிகளிலும் எபிக் லாஞ்சர், அதாவது அந்தக் கடையின் கேம்களைத் திறக்கும் மென்பொருள், இருந்தது. அந்த லாஞ்சர், நண்பர் பட்டியல் அடங்கிய ஸ்டீமின் கோப்பு ஒன்றைப் படித்துத் தன்னிடம் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது என்ற செய்தி 2019 மார்ச்சில் பரவிய வாரத்தில், ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்த ஒரு கல்லூரி மாணவர், திரையின் ஓரத்தில் அந்த ஐகானைக் கண்டதும் தன் ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லைப் பாதி தட்டச்சு செய்த நிலையிலேயே எழுந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டார்; கொடுத்தேன். அனுமதி தராமல் நண்பர் பட்டியல் எதுவும் தங்களுக்கு வராது என்று எபிக் விளக்கியதையும், முன்கூட்டியே நகலெடுப்பது அவசரமாகச் செய்த பழைய வேலையின் மிச்சம் என்றும் அது திருத்தப்படும் என்றும் எபிக் நிறுவனர் டிம் ஸ்வீனி சொன்னதையும் அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். "இதைக் கண்டுபிடித்தது பயனர்கள்தானே அண்ணா, அவர்களாகச் சொல்லவில்லையே" என்றார். அந்த வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்தும் சொல்லத் தகுந்த பதில் கிடைக்கவில்லை.

பழைய ஜாய்ஸ்டிக்:

நீங்கள் இருவரும் கடையில் வாங்கியவர்களின் கோபத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேம் உருவாவதற்கு முன்பே நிதி கொடுத்தவர்களின் நிலை வேறு. என் அக்கா ஒரு கூட்டுநிதித் திட்டத்துக்குப் பணம் கட்டி, அதை எனக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தார். எந்தத் திட்டம் என்று சொல்ல விரும்பவில்லை. ஸ்டீம் சாவி (கேமை ஸ்டீமில் பெறுவதற்கான குறியீடு) தருவதாகச் சொல்லியிருந்தவர்கள், பிறகு கடை மாறிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதை அக்காவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கேம்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும், "பணம் போட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பணம் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அவர் அதற்குப் பிறகு இப்படி எதற்கும் நிதி கொடுக்கவில்லை.

அந்த ஆண்டில் பொதுவெளியில் நடந்தவையும் இதே வகைதான். முதல் எக்ஸ்காம் கேமை உருவாக்கிய ஜூலியன் கொலப்பின் ஃபீனிக்ஸ் பாயின்ட், கூட்டுநிதியில் தொடங்கி, மார்ச்சில் எபிக்குக்குச் சென்றது. ஜூனில் ஷென்மூ 3 சென்றது. 2015-இல் 69,320 பேர் சேர்ந்து 63 லட்சம் டாலர் கொடுத்த கேம் அது. நிதி கொடுத்தவர்களில் பலர் ஸ்டீம் சாவிக்காகக் காத்திருந்தவர்கள். கூச்சல் எழுந்த பின்பே பணம் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அந்தச் செலவை எபிக்கே ஏற்றது. செலவை ஏற்றார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் அந்தத் தொடர்ச்சிக்காகக் காத்திருந்த ஒருவருக்கு, காசைத் திருப்பிக் கொடுப்பது எப்படி ஈடாகும்?

தும்பைப்பூ:

இதுவரை எழுதிய மூவரும் வாங்குபவரின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் மறுபக்கத்தில் இருந்தேன். இரண்டே பேர் சேர்ந்து உருவாக்கிய ஒரு சிறிய கேமின் ரசிகர் குழுவை ஊதியம் இல்லாமல் பராமரித்து வந்தேன். அவர்கள் ஒரு கடையுடன் பிரத்தியேக ஒப்பந்தம் செய்துகொண்டதை அறிவித்த இரவில், வரும் செய்திகளைப் படித்து நீக்குவது என் பொறுப்பாக இருந்தது.

வசைகளை நீக்குவதற்குக் கை பழகிவிடும். ஒரு செய்தியில் மட்டும் நின்றுவிட்டேன். அந்த இருவரில் பெண்ணாக இருப்பவரைப் பற்றி, இங்கே எழுத முடியாத சொற்களில் ஒருவர் எழுதியிருந்தார். கணக்கைத் தடை செய்வதற்கு முன் அவருடைய பழைய பதிவுகளைப் பார்ப்பது வழக்கம் என்பதால் பார்த்தேன். கேமில் வரும் ஒரு குட்டி உயிரினத்தை வண்ண பென்சிலில் வரைந்து, தன் தங்கை அதற்கு வைத்த பெயருடன் அவர் பகிர்ந்திருந்தார். அந்தப் படத்தைத்தான் நாங்கள் குழுவின் முகப்பில் வைத்திருந்தோம். முகப்பில் ஒரு பக்கம் அவருடைய படமும், என் திரையின் மறுபக்கம் அவருடைய செய்தியும் ஒரே நேரத்தில் இருந்தன. தடை செய்தேன். படத்தை எடுப்பதா வைப்பதா என்று அந்த இருவரிடமும் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

ஊப்லெட்ஸ் கேமை உருவாக்கியவர்களுக்கு 2019 ஆகஸ்டில் நடந்தது இதைவிடப் பல மடங்கு கொடியது. அவர்களும் இருவர்தான். எபிக்குடன் செய்த பிரத்தியேக ஒப்பந்தத்தைப் பற்றிய அவர்களுடைய அறிவிப்பின் கேலித்தொனி பலரைப் புண்படுத்தியது என்பதை ஏற்கிறேன். அதற்காக ஆயிரக்கணக்கில் மிரட்டல்கள் போயின. எபிக்கே முன்வந்து கண்டன அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. எல்லாக் கடைகளிலும் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அளவுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை எபிக் உறுதி செய்தது என்பதே அவர்கள் அந்த ஒப்பந்தத்தை ஏற்றதற்குச் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு வீட்டு வாடகை கட்ட முடியுமா என்று தெரியாத இரண்டு பேருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, நண்பர் கல்லாப்பெட்டி, தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பு 'பதிப்பாளரின் கண்ணில் படவேண்டும்' என்கிறீர்கள். பதிப்பாளரே இல்லாதவர்களிடம் அது நேராக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

பொறுமைசாலி:

என் தம்பி 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5 இலவசம் என்று அறிந்ததும் எபிக் தளத்தைத் திறந்தான். கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது. அந்த வெற்றுப் பக்கத்தை அவன் விடிய விடியப் புதுப்பித்துக்கொண்டிருந்ததும், ஒரு வருடம் முன்பு "அந்தக் கடையின் நிழலைக்கூட மிதிக்கமாட்டேன்" என்று அவனே சொன்னதும் எனக்கு ஒருசேர நினைவுக்கு வரும். கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆயுள் குறைவு என்பதை அன்று நேரில் கண்டேன்.

இங்கே எழுதியிருப்பவர்களுக்குச் சில யோசனைகள் சொல்ல விரும்புகிறேன். பிரத்தியேகம் என்றாலே எல்லாம் ஒன்றல்ல. முடியும் தறுவாயிலுள்ள கேமுக்குப் பணம் கொடுத்து ஆறு மாதமோ ஓராண்டோ தன் கடையில் நிறுத்திக்கொள்வது ஒருவகை. மெட்ரோ எக்ஸோடஸ் 2020 பிப்ரவரியிலும், பார்டர்லேண்ட்ஸ் 3 அதே ஆண்டு மார்ச்சிலும், ஷென்மூ 3 நவம்பரிலும் ஸ்டீமுக்கு வந்தன. பொறுத்திருந்தவர்களுக்கு, வெளியான நாளில் இருந்த பல பிழைகள் திருத்தப்பட்ட பதிப்பே கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே எபிக் நிதி கொடுத்துத் தானே பதிப்பித்த கேம்கள் இன்னொரு வகை. 2023 அக்டோபரில் வந்த ஆலன் வேக் 2 அந்த வகையைச் சேர்ந்தது. அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. அந்தப் பணம் இல்லாமல் அது உருவாகியிருக்குமா என்பதே ஐயம்.

அடுத்ததாக, முன்பதிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோவதில்லை. ஸ்டீமில் வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், வெளியான பிறகு வாங்குவதில் இழப்பு இல்லை. கூட்டுநிதித் திட்டத்தில் சேரும்போது, சாவி எந்தக் கடைக்கு உரியது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாஞ்சரைப் பற்றிய அச்சம் இருப்பவர்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவையுங்கள். நண்பர் பட்டியலை இணைக்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். இலவச கேம்களை எடுத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். அவற்றை உருவாக்கியவர்களுக்கு எபிக் தன் கையிலிருந்து பணம் கொடுக்கிறது. ஆப்பிளுக்கு எதிராக எபிக் தொடுத்த வழக்கில் 2021-இல் வெளிவந்த ஆவணங்களின்படி, கடை தொடங்கியபோது முதலில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட சப்நாட்டிகாவுக்கு 14 லட்சம் டாலர் தரப்பட்டது.

கல்லாப்பெட்டி:

பொறுமைசாலி, அதே ஆவணங்களில்தான் பார்டர்லேண்ட்ஸ் 3-இன் பிரத்தியேக உரிமைக்கு மட்டும் 11.5 கோடி டாலர் என்று இருக்கிறது. அத்தனை பணத்தைக் கடையைச் சீரமைக்கச் செலவிட்டிருந்தால் எனக்கு இந்த எதிர்ப்பே இருந்திருக்காது. 2018 டிசம்பரில் திறந்த கடைக்கு, பல கேம்களை ஒன்றாகச் சேர்த்து வாங்கும் வசதி 2021 டிசம்பரில்தான் வந்தது. விற்பனைத் தொகையில் டெவலப்பரிடம் 30 சதவீதத்துக்குப் பதிலாக 12 சதவீதம் மட்டும் எடுப்பதாகத் தொடங்கியது நல்ல ஏற்பாடு. அதை நான் மறுக்கவில்லை. மிச்சமாகும் அந்தப் பணம் வாங்குபவரின் விலையில் பெரும்பாலும் தெரியவே இல்லை.

தும்பைப்பூ, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. டார்க் என்ற சிறிய கேமை உருவாக்கியவருக்கும் 2019-இல் எபிக் பிரத்தியேக ஒப்பந்தம் தர முன்வந்தது. ஸ்டீமில் வரும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அவர் மறுத்தார். சிறியவர்களாலும் சொன்ன சொல்லைக் காக்க முடியும்.

தும்பைப்பூ:

முடியும், அவரை நானும் மதிக்கிறேன். ஒருவரால் மறுக்க முடிந்தது என்பது, மறுக்க முடியாதவர்களைத் திட்டுவதற்கு உரிமம் ஆகாது.

நிலவறைவாசியின் அறைத்தோழரைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மெட்ரோ எக்ஸோடஸைக் கடை மாற்றிய முடிவு தங்களுடையது அல்ல, அது முழுக்கப் பதிப்பாளரான கோச் மீடியா எடுத்தது என்று அதன் சகோதர நிறுவனமான டிஹெச்க்யூ நார்டிக்கே அப்போது அறிவித்தது. முடிவெடுத்தது யார் என்பது இரண்டே நாட்களில் பொதுவெளிக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் அந்த வாரத்தில் வசை முழுவதும் கேமை உருவாக்கிய 4ஏ குழுவின் பழைய கேம்களின் மீதே விழுந்தது. கடைப் பக்கத்தில் டெவலப்பரின் பெயருக்குக் கீழேயே பதிப்பாளரின் பெயரும் இருக்கிறது. கோபத்தை எழுதுவதானால் அந்தப் பெயருக்கு எழுதுங்கள், உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள்.